சீருக்கு வந்த சோபா

பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினால் சுடலைமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வீரகேரளம்புதூரில் பல்லாரி வெங்காய மண்டி வைத்திருக்கிறவர். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதுகூட, இதற்குக் கீழே இறங்க மாட்டானா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பைக்குள் கை போகும். அப்பேர்ப்பட்டவர் ஒரே மகள் முத்துசெல்விக்குச் சீர் சாமான் எடுக்கத் தென்காசிக்கு வந்து, இத்ரீஸ் பாயின் கடையில் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றார்.

"பாய், கட்டிலுக்கு ஒரு விலை, சோபாவுக்கு ஒரு விலைன்னு சொல்லுததுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்? ரெண்டுக்கும் சேத்து ஒரு விலை சொல்லும்."

"ரெண்டுக்கும் சேத்து ஒரு விலை வராது அண்ணாச்சி. ரெண்டையும் சேத்து ஒரு சாமானே வந்திருக்கு. பாக்கியளா?"

மூலையில் கிடந்த சோபாவின் அடியில் கையை விட்டு பாய் ஓர் இழு இழுத்தார். உட்காருகிற பலகை முன்னால் வந்தது. சாய்மானம் பின்னால் படுத்தது. சோபா கட்டிலாகிவிட்டது. திரும்ப மடக்கி, இருக்கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பெட்டி.

"பகல்ல விருந்தாளி உக்காரலாம். ராத்திரி பொண்ணு மாப்பிள்ள படுக்கலாம். பெட்டிக்குள்ள தலகாணி, போர்வை, வீட்டுக்காரிக்குத் தெரியாம வாங்குனது எதுன்னாலும் போட்டுக்கிடலாம். சின்ன வீட்டுக்கு இதை விட்டா வேற கதியில்ல."

சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது. கட்டில், சோபா, பெட்டி. மூன்று சாமான், ஒரே விலை. அந்த ஒரே விலையிலும் பாதி வழிக்கு பாயை இறக்கி, சுவரில் அறைந்து மடக்குகிற சாப்பாட்டுப் பலகை ஒன்றையும் சும்மா வாங்கிக்கொண்டார். அதற்குள் கடையில் இரண்டு முறை டீ வந்து போயிற்று. பாய் வாப்பாவின் மேல் ஆணையிட்டார். சுடலைமுத்து மூன்று தடவை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். முறைப்படி நடந்த வியாபாரம்.

சம்பந்தியம்மாள் இராமலட்சுமியும் கூட வந்திருந்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினவள். அளவு டேப் கழுத்தில் கிடக்கும். அது இல்லாத கழுத்து அவளுக்கே அந்நியமாகத் தெரியும். வீட்டு ஹாலை முந்தின நாளே அளந்து மனத்தில் வைத்திருந்தாள். கடையில் சோபாவை நீளம், அகலம், உயரம் என்று அளந்தாள். "கரெக்டா உக்காரும் அண்ணாச்சி. செஞ்சு வச்ச மாதிரி" என்றாள்.

மூடிக் கிடந்தபோது அளந்தாள். விரித்து அளக்கவில்லை. மகனும் மருமகளும் படுக்கப்போகிற இடம்; கடைப் பையன்களும் சம்பந்தியும் பார்த்துக்கொண்டிருக்க, அதன் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க அந்த அம்மாளுக்குக் கூச்சம். சுடலைமுத்துவுக்கும் அதே கூச்சம். இத்தனை வாய் பேசின மூன்று பேரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மரியாதையாக இருந்துவிட்டார்கள்.

இராமலட்சுமியின் வீடு தென்காசிக் கோயிலுக்கு வடக்கே ஒரு சந்துக்குள், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டதில் நடுவீடு. முன்னால் ஹால். ஹாலுக்கு இடப்புறம் ஓர் உள்ரூம். ஹாலின் கடைசியில் அடுக்களை, அதைத் தாண்டினால் புறவாசலும் கக்கூசும். உள்ரூமில் தையல் மிஷின், பீரோ, துணி மூட்டைகள்; மிச்ச இடத்தில் இராமலட்சுமியும் கல்லூரிக்குப் போகிற மகள் செண்பகாவும் படுப்பார்கள். அந்த ரூமுக்குக் கதவு கிடையாது. நிலை உண்டு. நிலையில் இராமலட்சுமி தைத்துப் போட்ட, கீழே சுருக்கு வைத்த திரை உண்டு.

ஆவணியில் கல்யாணம். சோபா வந்து உட்கார்ந்தது. செய்து வைத்த மாதிரிதான் உட்கார்ந்தது. முதல் நாள் அதை விரித்தபோதுதான் தெரிந்தது, கால்மாடு நேராகப் போய் உள்ரூம் நிலையை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வரவேண்டுமானால் புதுமணத் தம்பதியின் காலைத் தாண்டித்தான் வரவேண்டும்.

இராமலட்சுமிக்குச் சர்க்கரை. ராத்திரியில் நாலைந்து தடவை புறவாசலுக்குப் போகிற உடம்பு. மகன் கல்யாணமான புதுசு என்று அந்த அம்மாள் பொழுதடைந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டாள். வந்ததையும் அடக்கிக்கொண்டு கிடந்தாள். பத்து நாளில் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலும் வந்து, பெரியாஸ்பத்திரியில் கிடத்தும்படி ஆயிற்று. டாக்டர் காரணம் கேட்டார். அவள் சொல்லவில்லை. முத்துசெல்விக்குச் சொல்லாமலே புரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை திரும்பிய அன்றிலிருந்து முத்துசெல்வி சோபாவை விரிக்கவில்லை. புருஷன் பேச்சிராஜ் சோபாவில் படுத்தான், கால்கள் கைப்பிடிக்கு வெளியே தொங்க. அவள் கீழே பாயில். ஹாலின் நடுவே நடைபாதை திறந்தே கிடந்தது. இராமலட்சுமி திரையை விலக்கிக்கொண்டு வருவாள், போவாள். அடுத்து எப்போது வருவாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒன்றிரண்டு முறை பேச்சிராஜ் துணிந்து பார்த்தான். சோபாவின் இரும்புத் தண்டவாளம் கிரீச்சென்று ஒரு குரல் கொடுத்து, முடிவில் டமாரென்று விழும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அடுத்த வீட்டு பெர்சிஸ், பால்வாடி டீச்சர், காலையில் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன முத்து, நேத்து உங்க வீட்ல சீக்கிரமே சோபா சத்தம் கேட்டுது?"

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பெர்சிஸ் கெட்டவள் இல்லை. சும்மா இருக்க முடியாதவள், அவ்வளவுதான். முத்துசெல்வி குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சிராஜ் சோபாவில் கை வைத்தாலே, "வேண்டாம், ஊருக்கே தமுக்கடிக்கும்" என்பாள்.

பேச்சிராஜ் பெயிண்ட் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். எந்தச் சுவருக்கு எந்தக் கலர் என்று வாடிக்கையாளருக்கு அரைமணி நேரம் எடுத்துச் சொல்லுவான். வீட்டில் வாய் திறக்க வராது. காலப்போக்கில் சோபாவின் வயிற்றுப் பெட்டிக்குள் தலையணைக்குப் பதிலாக இராமலட்சுமியின் தைத்த துணிகள் குடியேறின. மேலே டிவி பார்க்கிறவர்கள் உட்கார்ந்தார்கள். சீராக வந்த கட்டிலை அந்த வீட்டில் எல்லோரும் மறந்தே போனார்கள்.

ஆனால் கட்டிலால் வரவேண்டியதை ஒருவரும் மறக்கவில்லை. தை பிறந்ததும் கேள்வி பிறந்தது. "விசேஷம் உண்டா?" கல்யாண வீடு, சடங்கு வீடு, மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு என்று எங்கும் அதே கேள்வி. இராமலட்சுமி அசரவில்லை. மருமகளுக்கு இடுப்புப் பலம் வேண்டுமென்று உளுந்தஞ்சோறு வைத்து, எள்ளுத் துவையல் அரைத்து, நல்லெண்ணெயை மேலே தாராளமாக ஊற்றி எதிரில் உட்கார்ந்து தின்னவைத்தாள். கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டினாள். முத்துசெல்வியின் இடுப்பு பலப்பட்டது. ஒரு சுற்றுப் பெருத்தும் விட்டது.

"மைனி, நீங்க சாப்பிடுத உளுந்துக்கு நம்ம தெருவே உண்டாயிருக்கணும்" என்றாள் செண்பகா.

"வாய மூடுட்டி, மூதி" என்றாள் தாய்.

பங்குனியில் லேடி டாக்டரிடம் போனார்கள். ஸ்கேன், ரத்தம், எல்லாம் எடுத்து எல்லாம் நன்றாக இருந்தது. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ரெண்டு பேரும் சேர்ந்துதான இருக்கீங்க?" என்று முத்துசெல்வியைக் கேட்டாள்.

"ஒரே வீட்லதான் டாக்டர் இருக்காவ" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து இராமலட்சுமி பதில் சொன்னாள்.

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டாள். முத்துசெல்வி தரையில் இருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி பிறந்து, மேற்கே மலை மறைந்து, சாரல் விழத் தொடங்கியது. தென்காசித் தெருக்களில் துணி காயாது. இராமலட்சுமி தைத்த ஜாக்கெட்டுகளை ஃபேனுக்கடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள்; ஹால் முழுக்க அறுந்த கைகளாகத் தொங்கின. அதற்குக் கீழே உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்.

"தலை ஆடிக்கு உங்கப்பா கூப்பிட வருவாரு. போயிட்டு வா. நான் என்ன நினைக்கேன்னா, ஆடி முடிஞ்சதும் ஓடி வரணும்னு இல்ல. அங்கனயே இருந்து நல்லா வைத்தியம் பாரு. திருநவேலியில பெரிய ஆஸ்பத்திரி இருக்குங்காவ. நல்ல சேதி கேட்ட பொறவு பைய வரலாம்."

குரலில் கோபமே இல்லை. ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு சொன்னாள். வீரகேரளம்புதூரில் முத்துசெல்வி வயசில் ஒருத்தி இதே மாதிரி வைத்தியம் பார்க்க வந்து, இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய புருஷனுக்குக் கடையநல்லூர்ப் பக்கம் வேறு கல்யாணமும் ஆகிவிட்டது. அங்கே இருந்து நல்ல சேதி எப்படி வரும், புருஷன் தென்காசியிலல்லவா இருப்பான் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனபோது, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் வைத்துப் புருஷனிடம் சொன்னாள்.

"நான் போனா திரும்பி வரமாட்டேன் போல இருக்கு."

"சும்மா கோட்டி மாதிரிப் பேசாத. அம்மா அப்படியா?"

"அத்தை அப்படி இல்ல. ஆனா அப்படித்தான் ஆகும். நீங்க ஏதாவது செய்யுங்க."

பேச்சிராஜ் ஒரு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான். மூடிய டப்பாவையே மறுபடியும் அழுத்தினான். பிறகு, "குத்தாலத்துல ரூம் போடுவோமா?" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன பெரிய வார்த்தை அதுதான்.

வீட்டில் ஆய்க்குடி முருகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குற்றாலத்தில் பஸ் இறங்கினார்கள். சீசன் கூட்டம். ஈரத் துண்டோடு ஜனம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தது. மங்குஸ்தான் கூடைக்காரி கூவினாள். ஊரெல்லாம் குளிக்க வந்திருக்க, இவர்கள் இருவர் மட்டும் குடைக்குள் ஒட்டிக்கொண்டு, திருடப்போகிறவர்கள் மாதிரி லாட்ஜ் போர்டுகளை வாசித்துக்கொண்டு போனார்கள். கொஞ்சம் ஒதுங்கின ஒரு லாட்ஜில் ஏறினார்கள். மேனேஜர் இசக்கிமணி ஆதார் கார்டைக் கையில் வாங்கினான். மூக்குக் கண்ணாடியை இறக்கினான்.

"தென்காசியா? உள்ளூர் ஆதாருக்கு ரூம் கெடையாது தம்பி."

"கல்யாணம் ஆனவங்க அண்ணாச்சி. இவ என் வீட்டுக்காரி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதான்."

முத்துசெல்வி தாலியை எடுத்துக் காட்டினாள்.

"தாலிய எல்லாரும்தாம்மா காட்டுதாவ. கவரிங் கடையிலயே விக்கான்."

பேச்சிராஜ் செல்போனில் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்து நீட்டினான். இசக்கிமணி பார்த்தான். இரண்டு முகத்தையும் போட்டோவோடு ஒத்துப் பார்த்தான். சந்தேகம் தீர்ந்ததும்தான் அவனுக்கு உண்மையான குழப்பம் வந்தது.

"நான் இந்தத் தொழிலுக்கு வந்து ரொம்ப நாளாச்சு தம்பி. வீடு உள்ள உள்ளூர்க்காரன் எதுக்கு ரூம் கேப்பான்? ஒண்ணு, பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுட்டுத் தனியா வருவான். இல்லன்னா, பொண்டாட்டி இல்லாத ஒருத்தியக் கூட்டிட்டு வருவான். சொந்தப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தவன இப்பத்தான் பாக்கேன். வீட்ல என்ன, வெள்ளை அடிக்கியளா?"

பின்னால் வரிசையில் நின்ற மதுரைக்காரர்கள் சிரித்தார்கள்.

"ரூம் உண்டா, இல்லியா?" என்றான் பேச்சிராஜ்.

"போலீஸ் ரோதனை தம்பி. உள்ளூர் ஆளுக்குக் குடுத்தா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்." கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது விலாசத்தை மறுபடி பார்த்தான். "இந்தச் சந்தா? அங்க தையல்காரம்மா வீடு எது? என் வீட்டுக்காரி அங்கதான் ஜாக்கெட்டு தைக்கா."

பேச்சிராஜ் கார்டைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினான். முத்துசெல்வி குடையை லாட்ஜிலேயே விட்டுவிட்டாள். அதை எடுக்கத் திரும்பிப் போக இருவருக்கும் துணிச்சலில்லை. சாரலில் நனைந்துகொண்டே பஸ் ஏறி, சொன்ன பொய்யை மெய்யாக்குவதற்காக ஆய்க்குடிக்குப் போனார்கள். முருகன் சன்னதியில் பேச்சிராஜ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். முத்துசெல்வி மூடவில்லை. திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வீடு வந்தார்கள். இராமலட்சுமி பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

ஆனியின் கடைசியில் சுடலைமுத்து வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தார். போகவும் வரவுமாகச் சேர்த்துப் பேசிய கார். கூடவே சம்பந்தி வீட்டுக்கு ஒரு மூட்டை பல்லாரி. "வாங்க அண்ணாச்சி" என்று இராமலட்சுமி சொன்ன தொனியிலேயே அவருக்கு என்னவோ தட்டியது. காப்பி வந்தது. சீனி போடாத காப்பி.

"என்ன சம்பந்தியம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"என் முகத்துக்கு என்ன? உங்க மகளையும் மருமவனையும் கேளுங்க. ஆய்க்குடிக்குப் போறோம்னு சொல்லிட்டுக் குத்தாலத்துல லாட்ஜு வாசல்ல போயி நின்னிருக்காவ. அந்த லாட்ஜு மேனேஜர் பொண்டாட்டி நேத்து ஜாக்கெட்டு வாங்க வந்தா. என் வாசல்ல நின்னு கேக்கா: 'ஏன்க்கா, உங்க வீட்ல பிள்ளையள படுக்க விடமாட்டியளா?' எனக்கு அந்தால பூமிக்குள்ள போயிரலாமான்னு இருந்துது."

உள்ரூமில் செண்பகா திரைக்குப் பின்னால் காது கொடுத்து நின்றாள். பேச்சிராஜ் ஃபேனைப் பார்த்தான். சுடலைமுத்து காப்பியைக் கீழே வைத்தார்.

"லாட்ஜா? எதுக்கு?"

"எதுக்குன்னா? சீர்னு ஒரு கட்டில் குடுத்திருந்தா இந்தக் கேவலம் வருமா? ஊர்ல எல்லாரும் கட்டில் குடுக்காவ. நீங்க மடக்குத சாமானக் குடுத்திய. வீட்டுக்கு வந்தவளும் மடங்கித்தான் கெடக்கா."

மகளைச் சொன்னதைவிடச் சாமானைச் சொன்னதுதான் சுடலைமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்துவிட்டார்.

"சாமானக் குத்தம் சொல்லாதிய. இத்ரீஸ் பாய்கிட்ட மூணு தடவ எந்திரிச்சிப் போயி வாங்குன சாமான். நீங்களும்தான கூட இருந்து அளந்திய! இரும்பு பூரா நல்ல கனம். இதுல என்ன குறை? இப்பம் விரிச்சிக் காட்டுதேன், பாருங்க."

"யப்பா, வேண்டாம்" என்றாள் முத்துசெல்வி.

அவர் கேட்கவில்லை. இராமலட்சுமியும், "எனக்குப் பாக்க வேண்டாம்" என்று திரையைத் தள்ளிக்கொண்டு உள்ரூமுக்குள் போய்விட்டாள். சுடலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டி, அடியில் கையை விட்டு இழுத்தார். பல நாள் அசையாத தண்டவாளம் பெரிதாகக் கத்தியது. டமாரென்று விழுந்தது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பெர்சிஸ் வீட்டு டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

"பாத்தியளா? ஒரு ஆட்டம் உண்டா?" அவர் நடுவில் உட்கார்ந்து குதித்தும் காட்டினார். "என்ன குறைங்கேன்?"

திரும்பிப் பார்த்தார். கால்மாடு உள்ரூம் நிலையில் முட்டிக்கொண்டு நின்றது. திரையின் சுருக்கு மெத்தையின் மேல் கிடந்தது. அதை விலக்கிக்கொண்டு இராமலட்சுமி நின்றாள், வெளியே வர வழியில்லாமல். பட்டப்பகலில், முழுதாக விரிந்து கிடந்த அந்தச் சாமானை அவள் ஒரு தலைமாட்டிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். கை தானாகக் கழுத்து டேப்பைப் பிடித்தது.

"நான் மூடி வச்சில்லா அளந்தேன்" என்றாள், யாருக்கோ சொல்லுகிற மாதிரி.

"அப்போ ராத்திரி விரிச்சா நீங்க எப்படி வெளிய வருவிய?" என்றார் சுடலைமுத்து.

"அவிய விரிக்கதே இல்லியே. நான் பாட்டுக்கு வருவேன், போவேன்…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். கண் மருமகளிடம் போயிற்று. "ஏட்டி, ஏன் நீங்க விரிக்கதே இல்ல?"

முத்துசெல்வி சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுடைய அப்பா படுக்கையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். மாமியார் அதன் கால்மாட்டில் நின்றாள். புருஷன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதைவிட வெட்கக்கேடு இனி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நீங்க தண்ணி குடிக்காம கெடந்து ஆஸ்பத்திரிக்குப் போனியளே, அதுலேர்ந்து விரிக்கல அத்தை."

"அதுலேர்ந்தா? அது ஆவணியிலல்லா…"

"ஆமா."

இராமலட்சுமி நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஊட்டின உளுந்தும், எடுத்த ஸ்கேனும், டாக்டரிடம் தான் சொன்ன பதிலும் அவள் முகத்தில் வரிசையாக வந்து போயின.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எதைச் சொல்லுவேன்? எப்படிச் சொல்லுவேன்?" முத்துசெல்வி நிறுத்தவில்லை. "எனக்கு வைத்தியம் வேண்டாம் அத்தை. உளுந்து வேண்டாம். ஒரு கதவு வேணும். தாப்பாள் உள்ள ஒரு கதவு."

"நாங்க மட்டும் என்ன பங்களாவிலயா இருந்தோம்? இதே மாதிரி வீட்லதான் நானும் ரெண்டு பெத்தேன்."

"அப்போ உங்களுக்கும் கஷ்டமாத்தான இருந்திருக்கும்."

இராமலட்சுமி கழுத்து டேப்பை இழுத்து விரலில் சுற்றினாள்.

சுடலைமுத்துவால் இந்த மாதிரிப் பேச்சில் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். "சரி, சரி. எல்லாத்தையும் பொறவு பேசுவோம். முத்து, பைய எடு. ராகுகாலத்துக்கு முன்னால கெளம்பணும்."

"நான் வரல."

"என்னது?"

"ஆடிக்கு நான் வரலப்பா. போனா எப்பம் வருவேன்னு யாரும் சொல்லல."

"ஏ கோட்டி! போகவர சேத்துப் பேசின காரு வாசல்ல நிக்கி. வெறும் வண்டியாவா திருப்பிக்கிட்டுப் போவேன்?" மண்டிக்காரருக்கு அதைவிடப் பெரிய பாவம் தெரியாது.

"வெறும் வண்டியா எதுக்குப் போகணும்? அத்தையையும் செண்பகாவையும் கூட்டிட்டுப் போங்க."

"மருமவ போற ஆடிக்கு மாமியாக்காரியா போவா?" இராமலட்சுமி மெதுவாகத்தான் கேட்டாள். "ஊர் எதால சிரிக்கும்? என் வீட்லேர்ந்து என்னையே வெரட்டுதியா?"

"வெரட்டல அத்தை. ஆடி முடிஞ்ச மறுநாள் நானே வந்து உங்களக் கூட்டிட்டு வருவேன். என் தாலி மேல ஆணை. என்னைக் கூட்டிட்டு வருவேன்னு நீங்க சொல்லலியே."

பேச்சிராஜ் முதல்முறையாக ஃபேனை விட்டுக் கண்ணை இறக்கினான். "எம்மா," என்றான். "போயிட்டு வாயம்மா." அவ்வளவுதான் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. இராமலட்சுமி மகனை ரொம்ப நேரம் பார்த்தாள். தன் மகன் கடைப் பையனைப் போல் சுவரோரம் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தவள் மாதிரி.

"எனக்குக் காலேஜு இருக்கே?" என்றாள் உள்ளேயிருந்து செண்பகா.

"வீரகேரளம்புதூர்லேர்ந்து பஸ் இருக்குட்டி. துணியெல்லாம் எடுத்து வை." இராமலட்சுமி சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினாள். "தைக்கக் குடுத்தவளுவ கெடந்து கத்துவா. மிஷினையும் காருல ஏத்த முடியுமா அண்ணாச்சி?"

சுடலைமுத்துவுக்கு உயிர் வந்தது. "டிக்கியில போட்டுக்கிடலாம். மேல கேரியர் இருக்கு. இன்னும் எது வேணும்னாலும் ஏத்துங்க."

முத்துசெல்வி மாமியாருக்கு வழிவிட, சோபாவை மடக்கக் குனிந்தாள்.

"மடக்காத" என்றாள் இராமலட்சுமி. "இருக்கட்டும்."

சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். மெத்தையின் மேல் ஒரு காலை வைத்தாள். மெத்தை அமுங்கி, ஆள் தடுமாறியது. முத்துசெல்வி எட்டிக் கையை நீட்டினாள். இராமலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள்; பிடிக்கலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. பிறகு பலமாகவே பிடித்து, சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்க, மகன் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் படுக்கையை நடந்து தாண்டி இறங்கினாள். இறங்கியதும் கையை உதறிக்கொண்டாள். கார் கிளம்புகிறவரை மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெர்சிஸ் வாசலுக்கே வந்து நின்று, "எங்கக்கா போறிய, மிஷினோட?" என்று கேட்டதற்கு மட்டும், "ஆடிக்கு" என்று பதில் சொன்னாள். பெர்சிஸுக்கு அன்று முழுக்க வேறு பேச்சு வரவில்லை.

வீரகேரளம்புதூரில் சுடலைமுத்துவின் மனைவி நாச்சியார், காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்துத் திகைத்து, புருஷன் வாசலில் வைத்துக் காதில் சொன்னதைக் கேட்டு, பாதி புரிந்து, மீதியைக் கேட்காமல் விட்டாள். சம்பந்தியம்மாளை உள்ளே அழைத்துக்கொண்டு போய் முத்துசெல்வியின் அறையைக் காட்டினாள். தேக்கு நிலை, தேக்குக் கதவு. ஒரு ஜன்னல். ஒரு கட்டில். மிஷினை டிரைவரும் சுடலைமுத்துவும் தூக்கி ஜன்னலோரம் வைத்தார்கள்.

"இது உங்க ரூமு மைனி. பின்னாலயே பாத்ரூமும் இருக்கு. யாரும் வரமாட்டாவ" என்றாள் நாச்சியார்.

இராமலட்சுமி கட்டிலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அதன் விளிம்பில் ஒரு விரலை ஓட்டினாள், துணியின் தரம் பார்க்கிற மாதிரி. எல்லோரும் வெளியே போனதும் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் ஆயிற்று. நாச்சியார் சீனி போடாத காப்பியோடு வந்து கதவைத் தட்டினாள்.

"மைனி, காப்பி."

"செத்த நேரம் ஆவட்டும் மைனி."

ஆறின காப்பியைச் சூடாக்கிக்கொண்டு மறுபடியும் வந்தாள். திறக்கவில்லை. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தமும் இல்லை. நாச்சியாருக்குப் பயம் வந்துவிட்டது. அழுகிறாளோ, மயங்கிக் கிடக்கிறாளோ என்று செண்பகாவை எழுப்பி அனுப்பினாள். செண்பகா கதவில் காதை வைத்தாள்.

"எம்மா, உள்ள தனியா என்ன பண்ணுத? அழுதியா?"

"அழல."

"தைக்கியா?"

"தைக்கல."

"பொறவு என்னதாம்மா பண்ணுத?"

கட்டில் லேசாக அசைகிற சத்தம் கேட்டது. காலை நீட்டிப் படுத்திருக்கிற ஒருத்தியின் குரல் வந்தது.

"ஒண்ணும் பண்ணலட்டி. சும்மா இருக்கேன். போ."